குளம், களப்பு, கடல், கிணறு: யாழ்ப்பாணம் தன் குடிநீரை எங்கே சேமிப்பது?

வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2024 ஓகஸ்ட் மாதம் திறக்கப்பட்டதிலிருந்து வாசகர்கள் ஒரே சங்கதியை வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். "வீட்டு வாசல்வரை குழாய் வந்துவிட்டது. இணைப்பு எடுப்பதா, கிணறே போதுமா?" என்கிறார் ஒருவர். கிளிநொச்சியில் வயல் செய்கிறவருக்கு வேறு கவலை: "கடல் தண்ணீர் கிடைத்த பிறகும் எங்கள் இரணைமடுக் குளத்தில் கைவைப்பார்களா?" கனடாவில் இருந்து ஊருக்குக் காசு சேர்த்து அனுப்பும் சங்கம் ஒன்று, அந்தக் காசில் குளத்தைத் தூர்வாருவதா, பள்ளிக்கூடத்துக்கு மழைநீர்த் தொட்டி கட்டுவதா என்று இரண்டு பட்டு நிற்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதைவிட, எங்கே தங்கி நிற்கிறது என்று பார்த்தால் இந்தக் கேள்விகள் எல்லாம் கொஞ்சம் தெளியும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பரப்பு ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர். ஆண்டு மழை 1,200 மில்லிமீற்றரை ஒட்டி. பெருக்கிப் பார்த்தால் இரணைமடுக் குளம் எட்டு நிரம்புகிற அளவு. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வற்றாத ஆறு ஒன்றுமில்லை. இருக்கிற ஒரே வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் களப்பில் விழுகிறது. தையில் தொடங்கி அடுத்த ஐப்பசி வரை எட்டு ஒன்பது மாதம் கையிருப்பில்தான் சீவியம். அந்தக் கையிருப்பைக் குடாநாட்டுக்குத் தெற்கே வன்னியில் ஒரு குளத்தில் வைப்பதா, களப்பில் மறிப்பதா, கடலையே நம்புவதா, காலுக்குக் கீழே இருக்கும் சுண்ணாம்புக் கல்லில் வைப்பதா, வீட்டு மூலையில் கட்டிய தொட்டியில் வைப்பதா? ஐந்தையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து அளக்கிறேன்

முதலாவது, மழை பொய்த்த ஆண்டில் என்ன நடக்கும். நல்ல ஆண்டில் எல்லாத் திட்டமும் நல்ல திட்டம்தான்.

இரண்டாவது, தண்ணீர் வரும்போதே எவ்வளவு சுத்தமாக வருகிறது, மீதியைச் சுத்தமாக்க என்ன செய்ய வேண்டும். மூன்றாவது, கட்டி முடித்த பிறகு மாதா மாதம் ஆகும் செலவு. கட்டுவதற்குக் கடன் கொடுக்க ஆள் இருக்கும். ஓட்டுவதற்குக் கொடுக்க ஆள் இராது. நான்காவது, இந்தத் தண்ணீருக்காக யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள்.

ஐந்தாவதை எங்கள் ஊர் விவாதங்களில் ஆரும் கேட்பதில்லை: வீட்டுக்குள் வந்த தண்ணீர், பாவித்த பிறகு எங்கே போகிறது? அதனால் நிலத்துக்கு நன்மையா, கெடுதலா?

## இரணைமடு: நீர்த்தேக்கத்தில் இருந்து எடுப்பது

பெரிய நகரங்களில் கனக்க இந்த வழியில்தான் தண்ணீர் குடிக்கின்றன. கொழும்புக்கு 1880களில் கட்டிய லபுகம நீர்த்தேக்கம், பிறகு கலட்டுவாவ. சென்னைக்குப் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம். இதில் சேமிப்பு ஒரு பாதி வேலை. மறுபாதி சுத்திகரிப்பு, அது அணைக்கட்டுக்குள்ளேயே சத்தமில்லாமல் தொடங்கிவிடுகிறது.

ஆற்றில் கலங்கி ஓடிவரும் வெள்ளம் தேக்கத்துக்குள் வந்ததும் வேகம் இழக்கிறது. மணலும் வண்டலும் அடியில் படிகின்றன. வாரக் கணக்கில் நிற்கும்போது வெயில் படுகிறது. நோய்க் கிருமிகளில் பெரும்பகுதி சாகிறது. ஒரு நாள் மழையில் வந்து சேர்ந்த அழுக்கு, முழுக் குளத்துத் தண்ணீரோடு கலந்து ஐதாகிறது. அதனால் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நாளுக்கு நாள் குணம் மாறாத தண்ணீர் கிடைக்கிறது. பிறகு படிகாரம் போட்டுக் கலங்கலைத் திரளச் செய்து, படியவிட்டு, மணல் வடியில் விட்டு, குளோரீன் சேர்த்து, மேட்டு நீர்த்தாங்கிக்கு ஏற்றிவிட்டால் அங்கிருந்து வீட்டுக்குப் புவியீர்ப்பிலேயே இறங்கும்.

இதெல்லாம் நீரேந்து பரப்பு நல்லபடி இருந்தால் மட்டும். லபுகமத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று பேரெடுத்ததற்குக் காரணம், அதைச் சுற்றிய காட்டை ஒதுக்கிப் பாதுகாத்ததுதான். இரணைமடுவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு காடு, வயல், ஊர்மனை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வருகிறது. வயலில் போட்ட உரம் குளத்துக்கு வந்தால் கோடையில் பாசி பொங்கும். பாசி பிடித்த தண்ணீரை வடிப்பது கலங்கல் தண்ணீரை வடிப்பதைவிடக் கரைச்சல். மணம் வேறு போகாது. ஆழமான தேக்கங்களில் கோடையில் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிராகவும் பிரிந்து நிற்கும், அடிநீரில் ஒட்சிசன் குறையும். அதனால்தான் பல இடங்களில் வெவ்வேறு உயரத்தில் வாய் வைத்த கோபுரம் கட்டி, அந்தந்தக் காலத்தில் நல்ல மட்டம் எதுவோ அங்கிருந்து எடுக்கிறார்கள்.

இனி எங்கள் கணக்கு. யாழ்ப்பாணம் கிளிநொச்சி குடிநீர்த் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனோடு வந்தபோது, இரணைமடுவில் இருந்து நாளொன்றுக்கு 27,000 கனமீற்றர் எடுப்பதாகவே இருந்தது. ஆண்டுக்கு அது கிட்டத்தட்ட 8,000 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி). புனரமைத்து மட்டத்தை 36 அடியாக உயர்த்திய பிறகு குளத்தின் கொள்ளளவு ஒரு இலட்சத்து இருபதாயிரம் ஏக்கர் அடியை ஒட்டி வருகிறது. ஆக, கேட்டது ஏழு வீதத்துக்கும் குறைவு. "இதைக்கூடத் தரமாட்டார்களா?" என்று யாழ்ப்பாணத்தில் ஆதங்கப்பட்டவர்கள் இந்தக் கணக்கைத்தான் மனதில் வைத்திருந்தார்கள்.

கமக்காரரின் கணக்கு வேறு. குளம் வான் பாயும் ஆண்டைப் பற்றி அவர்களுக்குப் பேச்சில்லை. கோடையில் விதைக்கும் சிறுபோகத்தில் ஓர் ஏக்கர் நெல்லுக்கு நான்கு ஏக்கர் அடி என்று வைத்தால், 8,000 ஏக்கர் அடி என்பது 2,000 ஏக்கர் வயல். மழை குறைந்து, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் வைத்துப் பங்கிடுகிற ஆண்டில் அந்த 2,000 ஏக்கர் பெரிய துண்டு. நகரத்தின் பங்கு குழாயில் போவது. எந்த ஆண்டும் குறையாது. குடிநீருக்கு முன்னுரிமை என்றால் மறுபேச்சுக்கும் இடமில்லை. குறைவதெல்லாம் வயலின் பங்குதான். மழையின் ஆபத்து முழுவதையும் ஒரு பக்கத்தார் தலையில் இறக்கிவிட்டு மற்றப் பக்கத்தாருக்கு நிரந்தர உத்தரவாதம் கொடுப்பதை எதிர்த்தவர்களைத் தன்னலக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். வயலை விட்டுக்கொடுப்பவருக்கு அந்த ஆண்டு நட்டஈடு உண்டா, யார் கொடுப்பார், எந்த மட்டத்துக்குக் கீழே குழாயை மூடுவார்கள்? இவை எழுத்தில் இருந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கலாம்.

வரட்சி ஆண்டில் நகரமும் தப்பாது. 2019 ஆனியில் சென்னையின் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வெறுந்தரையாகக் கிடந்தன. ஏரிகள் நான்கு என்றாலும் நம்பியது ஒரே மழையை. இரணைமடுவும் யாழ்ப்பாணக் கிணறுகளும் அதே வடகீழ்ப் பருவ மழையைத்தான் நம்பி இருக்கின்றன. ஒன்று பொய்த்தால் மற்றது கைகொடுக்கும் என்ற நம்பிக்கைக்கு இடம் குறைவு.

மழை கூடின ஆண்டிலும் ஒரு பிரச்சினை உண்டு. குடிநீருக்காகக் குளத்தை எப்போதும் நிறைத்து வைக்க விரும்புவார்கள். வெள்ளத்தைத் தாங்குவதற்கோ குளத்தில் இடம் விட்டு வைக்க வேண்டும். இரண்டும் ஒத்துவராது. 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி வெள்ளத்தில் நின்றதும், 2015 மார்கழியில் செம்பரம்பாக்கத்தால் சென்னை பட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

## ஆனையிறவும் வடமராட்சியும்: களப்பை மறித்து நன்னீராக்குவது

"யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்று பேரன் பேத்திக்குக் கதையாகச் சொல்லும் அளவுக்குப் பழசாகிவிட்ட திட்டம். 1954 இல் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் முன்வைத்தது. கனகராயன் ஆறு முதலிய வன்னி ஆறுகள் மாரியில் ஆனையிறவுக் களப்பில் வந்து விழுந்து, சுண்டிக்குளம் வழியாகக் கடலுக்குப் போகின்றன. சுண்டிக்குளத்தில் அணை போட்டு அந்த வெள்ளத்தை மறிப்பது, முள்ளியானில் கால்வாய் வெட்டி வடமராட்சிக் களப்புக்கு விடுவது, அங்கிருந்து உப்பாற்றுக் களப்புக்கும் கொண்டுபோவது, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டிக் கடலை உள்ளே விடாமல் வைப்பது. தடுப்பணைகள் எழும்பின. ஆனையிறவுப் பக்க வேலை 1960களில் தொடங்கி, சுண்டிக்குள அணை வெள்ளத்தில் உடைபட்டு, முள்ளியான் கால்வாய் அரைகுறையில் நின்றது.

இதன் அழகு என்னவென்றால் இரணைமடுவில் இருந்து எதையும் பிடுங்குவதில்லை. குளத்தில் இருந்து வான் பாய்ந்து கடலுக்குப் போகிற தண்ணீரைத்தான் பிடிக்கிறது. கிளிநொச்சிக் கமக்காரரோடு சண்டை இல்லை.

ஆனால் களப்பை ஒரு நீர்த்தேக்கம் என்று நினைத்துக் குடிநீருக்கு நம்புகிறவர்கள் வெயிலை மறந்துவிடுகிறார்கள். வரண்ட மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பில் இருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவில் ஆவியாகும். ஆறு மாதத்துக்கு 90 சென்ரிமீற்றர். ஆழமான தேக்கத்தில் அது மேலால் போகிற சிறு பங்கு. பரந்து கிடக்கும், பெரும்பகுதி இடுப்பளவு ஆழம் கொண்ட களப்பில் அதுதான் முழுக் கையிருப்பும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே; உப்பு அங்கேயே நிற்கும். அடிச் சேற்றில் காலங்காலமாக ஊறிய உப்பு கழுவுப்பட்டுப் போகவே பல மாரி வேண்டும். ஆவணியில் ஒரு தேநீர் போட இந்தத் தண்ணீரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

என்றாலும் இதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இதன் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. களப்பில் உவர்நீர் நிற்பதற்குப் பதிலாக நன்னீரோ, அரை உவரோ நின்றால், கரையோரக் கிணறுகளுக்குள் பக்கவாட்டாக உப்பு ஏறுவது குறையும். உவர் பிடித்துக் கைவிட்ட வயல்கள் மெல்லத் திரும்பும். குடிநீர்த் திட்டம் என்று விற்றதால்தான் இது தோற்றதுபோலத் தெரிகிறது. நிலத்தடி நீரைக் காக்கும் திட்டம் என்று பார்த்தால் அதன் கணக்கு நிற்கும்.

மறைந்திருக்கும் செலவு இறால். உவரும் நன்னீரும் கலந்து ஏறி இறங்கும் களப்பில்தான் இறால் வளர்கிறது. அதை நம்பிக் கூடு வைக்கும், வலை வீசும் குடும்பங்கள் கரை முழுதும் உண்டு. சுண்டிக்குளம் பறவைகள் கூடும் தேசியப் பூங்காவும் கூட. கிளிநொச்சிக் கமக்காரருக்குப் பதிலாகக் களப்புத் தொழிலாளியிடம் கேட்காமல் எடுப்பது அந்தச் சண்டையைக் கிழக்கே நகர்த்துவதாகத்தான் முடியும்.

## தாளையடி: கடலில் இருந்து எடுப்பது

இரணைமடுப் பேச்சு முறிந்த பிறகு வந்த மாற்று. நாளுக்கு 24,000 கனமீற்றர், அதாவது இரண்டு கோடி நாற்பது இலட்சம் லீற்றர். ஆளுக்கு நாளொன்றுக்கு 80 லீற்றர் என்று பங்கிட்டால் மூன்று இலட்சம் பேருக்குக் காணும். மாவட்டத்தின் சனத்தொகையில் ஏறத்தாழப் பாதி.

ஐந்து வழியிலும் மழையைப் பார்த்து வானத்தை அண்ணாந்து நிற்காதது இது ஒன்றுதான். 2019 இல் சென்னை ஏரிகள் வரண்டபோதும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஒரு காரணத்துக்காகவே இதன் மற்றக் குறைகள் பலதையும் நான் பொறுத்துக்கொள்வேன்.

குறைகள் சின்னதல்ல. கடல்நீரை உயர் அமுக்கத்தில் சவ்வுக்குள் தள்ளி உப்பைப் பிரிக்க ஒரு கனமீற்றருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் போகிறது. முழு அளவில் ஓடினால் நாளுக்கு எண்பதாயிரம் அலகை ஒட்டி. வீடுவரை தள்ளுகிற செலவு தனி. நீர்த்தேக்கத் தண்ணீரைச் சுத்திகரிக்க ஆவதோ இதில் சிறு பங்கு. மின்கட்டணம் ஏறும்போதெல்லாம் தண்ணீரின் விலையும் ஏறும், அல்லது அரசு பொறுக்கும். அரசு எத்தனை நாள் பொறுக்கும் என்பது 2022 பொருளாதார நெருக்கடியைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சவ்வுகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; அவை வெளிநாட்டுக் காசில் வருபவை. டொலர் இல்லாத காலம் வந்தால் குளத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆலை நின்றுவிடும்.

உறிஞ்சுகிற கடல்நீரில் பாதிக்குக் குறைவானதே பொதுவாக நன்னீராகிறது. மீதி ஏறக்குறைய இரட்டிப்பு உப்போடு திரும்பக் கடலுக்குப் போகிறது. நன்றாகக் கலக்கும்படி தூரத்தில் விட்டால் பாதிப்புக் குறையும். கரையோரம் விட்டால் அடியில் தங்கும். வடமராட்சி கிழக்குக் கடற்றொழிலாளர் கேட்ட கேள்வி இதுதான், நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது தொடர்ந்த அளவீடு. திறப்பு விழாப் பேச்சால் அதற்குப் பதில் வராது.

சுவையைப் பற்றியும் கேட்கிறார்கள். சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்குக்கு இது வெறும் தண்ணீராகத் தெரியும். உப்பெல்லாம் நீங்கிய நீர் குழாயை அரிக்கும் என்பதால் ஆலையிலேயே கொஞ்சம் கனிமம் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். கேத்திலில் வெள்ளைப் படை கட்டாது என்பது உபரி லாபம்.

## நிலத்தடி: ஏற்கெனவே இருக்கிற தேக்கம்

குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளமும் கேணியும் இருக்கின்றன. கிணறுகளோ ஓர் இலட்சத்துக்கு மேல். இவை எல்லாம் ஒரே தேக்கத்துக்கு வைத்த வாய்கள். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பிலும் பொந்திலும், கடலில் இருந்து வந்து அடியில் கிடக்கும் உப்புநீருக்கு மேலே, மழைநீர் வில்லை மாதிரி மிதக்கிறது. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவருமாக இருப்பது இதைக் கண்ணுக்குக் காட்டும் இடம். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது விதி. மறுபக்கம் திருப்பினால் அதுதான் பயம்: மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால் கீழே இருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். துலாவால் இறைத்த காலத்தில் ஆளின் கை ஓய்ந்தபோது கிணறும் ஓய்ந்தது. இயந்திரத்துக்கு அந்த அலுப்பு இல்லை.

இந்தத் தேக்கத்துக்கு அணை வேண்டாம், குழாய் வேண்டாம், ஆவியாதலும் இல்லை. நகரமே கோண்டாவில் பக்கக் கிணறுகளைக் குடித்துத்தான் வாழ்ந்தது. ஓட்டுகிற செலவும் மிகக் குறைவு. வரட்சி ஆண்டில் நடுவலிகாமம் தாங்கும். கரையோரமும் தீவுப் பகுதியும் தாங்காது.

ஆனால் தரம் என்று வந்தால் கதை மாறுகிறது. சுண்ணாம்புக் கல் மணல்போல வடிக்காது. மேலே ஊற்றியது பொந்து வழியே நேரே கீழே போய்விடும். வெங்காயத் தோட்டத்துக்குப் போட்ட யூரியாவும், குழி மலசலகூடத்தில் இருந்து ஊறுவதும் நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று வைத்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் வலிகாமத்தில் பல. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இது நேரடி ஆபத்து. கொதிக்க வைத்தால் போகும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கொஞ்சம் கூடும். மெழுகுதிரி வடிகட்டியும் புற ஊதா விளக்கு வடிகட்டியும் கிருமிக்கு ஆகும், நைத்திரேற்றுக்கு ஆகாது. சவ்வால் உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ வடிகட்டி பிடிக்கும், ஆனால் பிடித்ததைக் கழிவுநீரோடு மறுபடி உங்கள் வளவுக்குள்தான் விடும்.

சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. தீர்ப்பு வந்தது, கல்லுக்குள் போன எண்ணெயை நீதிமன்றத்தால் எடுக்க முடியாது. குளத்துத் தண்ணீர் கெட்டால் அடுத்த மாரி கழுவும். நிலத்தடி நீர் கெட்டால் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டி வரலாம்.

குளம் தூர்வாரக் காசு வைத்திருக்கும் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. குளத்தைச் சுற்றி நடைபாதையும் விளக்கும் போடுவது வேறு; வெள்ளம் குளத்துக்கு வருகிற வாய்க்காலை மறித்த மதிலையும் வீதியையும் திறந்துவிடுவது வேறு. பின்னதுதான் கிணற்றுக்குத் தண்ணீர் சேர்க்கும். ஆழமாக வெட்டினால் கூடத் தண்ணீர் நிற்கும் என்று நினைத்துக் களிமண் அடியைக் கிழித்துக் கல்லைத் தொட்டால், தண்ணீர் நிற்காது. வீதி அழுக்கும் வடிபடாமல் நேரே கீழே போகும்.

## கூரை

சுருக்கமாக. ஐந்து பேர் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லீற்றர் என்றால் நாளுக்கு 25. ஒன்பது மாதத்துக்கு 6,750 லீற்றர். 8,000 லீற்றர்த் தொட்டி போதும். நூறு சதுர மீற்றர் ஓட்டுக் கூரை ஒரு மாரியில் அதை நிரப்பி, மேலும் பல மடங்கை வெளியே விடும். நைத்திரேற்று இல்லை, உவர் இல்லை. முதல் மழையை விட்டுக் கழுவ வேண்டும், நுளம்பு புகாமல் மூட வேண்டும், மரக்கிளை வெட்ட வேண்டும், கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். செலவு முழுவதும் முன்னாலேயே வீட்டுக்காரர் தலையில் விழும் என்பதுதான் தடை. குளிக்க, தோய்க்க இது காணாது.

## ஒரே பார்வையில்

| | வரட்சி ஆண்டில் | வரும்போது தரம் | ஓட்டும் செலவு | விட்டுக்கொடுப்பவர் |
|---|---|---|---|---|
| இரணைமடு | வயலோடு போட்டி | நல்லது, பாசிக்குக் கவனம் | நடுத்தரம் | சிறுபோகக் கமக்காரர் |
| களப்பு | கோடையில் உவராகும் | குடிக்க ஐயம் | குறைவு, அணை பராமரிப்பு உண்டு | இறால் தொழிலாளர் |
| கடல் | பாதிப்பில்லை | சிறந்தது | மிக அதிகம் | கரையோர மீனவர், மின்கட்டணம் கட்டுபவர் |
| நிலத்தடி | நடுவில் தாங்கும், கரையில் தாங்காது | நைத்திரேற்று, கிருமி | மிகக் குறைவு | அடுத்த தலைமுறை |
| கூரை | முதல் மாரி நிரப்பினால் தாங்கும் | நல்லது, கொதிக்க வைக்கவும் | இல்லாத அளவு | வீட்டுக்காரர் |

ஐந்தாவது அளவுகோல் அட்டவணையில் அடங்கவில்லை. யாழ் நகருக்கு இன்னும் முழுமையான கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு இல்லை. ஆக, வன்னியில் இருந்து வந்தாலும் கடலில் இருந்து வந்தாலும், நாளுக்குக் கோடிக்கணக்கான லீற்றர் வெளித்தண்ணீர் எங்கள் வீடுகளுக்குள் வந்து, குளியலறையும் மலசலகூடமும் கடந்து, ஊறுகுழி வழியாக அதே சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கப்போகிறது. தண்ணீர் தட்டுப்பட்ட வீட்டில் ஒரு வாளி ஊற்றிய இடத்தில் குழாய் வந்ததும் நாலு வாளி ஊற்றுவார்கள். குடிக்கும் தண்ணீரை வெளியே இருந்து கொண்டுவந்தால் நிலத்தடி நீர் தப்பும் என்பது பாதி உண்மை. இறைப்பு குறையும். அழுக்கு இறங்குவது கூடும்.

## யாருக்கு எது

மாவட்டம் முழுவதற்கும் என்றால் என் தெரிவு இது: குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கடல்நீர் அடித்தளமாக இருக்கட்டும், அது மழை பொய்த்தாலும் வரும் என்பதால். விலை கூடிய அந்தத் தண்ணீரில் வாழைக்கு ஊற்றுவதும் கார் கழுவுவதும் மடத்தனம், அதற்குக் கிணறு. இரணைமடுவில் இருந்து நிரந்தரப் பங்கு கேட்பதை விடலாம். வான் பாயும் ஆண்டுகளில் மட்டும், கமக்கார அமைப்புகள் கையெழுத்திட்ட மட்டத்துக்கு மேலே நிற்கும்போது மட்டும் எடுப்பதென்றால், அந்த மாதங்களில் ஆலையைக் குறைத்து ஓட்டி மின்சாரம் மிச்சம் பிடிக்கலாம். அப்படி ஓர் ஏற்பாட்டில் கமக்காரருக்கும் பங்குத் தொகை கிடைக்க வேண்டும். களப்பில் கைவைப்பதாக இருந்தால் தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகளை ஒழுங்காக வைத்திருப்பதில் தொடங்கட்டும், சுண்டிக்குளம் பிறகு.

கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலி மாதிரி நெருக்கமான இடத்தில் குழாய் வந்திருந்தால் இணைப்பை எடுங்கள். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீடென்றால் யோசிக்கவே வேண்டாம். கிணற்றை மூடாதீர்கள்; மின்சாரம் போன நாளில் அதுதான் கைகொடுக்கும். வலிகாமத்தில் தோட்டக் காணிக்கு நடுவே வீடு, குழாய் இன்னும் வரவில்லை என்றால் ஒரு தடவை தண்ணீரைச் சோதித்து நைத்திரேற்றுப் பாருங்கள். எல்லை தாண்டியிருந்தால் ஆர்ஓ வடிகட்டிக்கு முன் மழைநீர்த் தொட்டியை யோசியுங்கள். தீவுப் பகுதியிலும் கரையோரத்திலும் தொட்டிதான் முதல், மற்றதெல்லாம் பிறகு. வெளிநாட்டுச் சங்கக் காசு என்றால் பள்ளிக்கூடத்துக்குத் தொட்டி. குளத்துக்கு வாய்க்காலைத் திறக்க ஊர் ஒத்துக்கொண்ட பிறகு தூர்வாரல்.

எந்த வழியை எடுத்தாலும், குழாய் பதிக்க வருகிறவரிடம் வீட்டு ஊறுகுழியையும் ஒருக்கால் காட்டுங்கள். கிணற்றுக்கு ஐம்பது அடி தள்ளி என்ற பழைய கணக்கு மண்ணுக்குச் சரி, வெடித்த சுண்ணாம்புக் கல்லுக்குக் காணாது. அடி பூசாத குழியை அடைத்த இரட்டை அறைத் தொட்டியாக்க ஆகும் செலவையும் அந்த இணைப்புச் செலவோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். அயலவர் கிணறு மதிலுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் இருந்தால், அவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு போடுவது நல்லது.